975-ஆம் எண் பஸ்ஸில் ஒரு வெளியூர்ப் பயணம்

முதல் நாள், திங்கள்

ஜூன் விடுமுறைக்கு எங்கே போகிறீர்கள் என்ற கேள்வி ஆசிரியர் அறையில் ஒரு சுற்று வந்தது. ஒருவர் பாலி, ஒருவர் ஹொக்கைடோ, இரண்டு பேர் மதுரை. என் முறை வந்தபோது லிம் சூ காங் என்றேன். "கல்லறைக்கா?" என்று கேட்டார் கணித ஆசிரியை. அவர் மேல் தப்பில்லை. சிங்கப்பூரில் பலருக்கு அந்தப் பக்கம் போக வேறு காரணம் வாய்ப்பதில்லை.

என் பெரியப்பா மகன் அங்கே கீரைத் தோட்டம் வைத்திருக்கிறார். அண்ணிக்கு ஏப்ரல் கடைசியில் முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. உட்கார்ந்து கட்டுக் கட்டலாம், குனியக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். "ஐந்து நாள் வந்து இரு, டீச்சர். சம்பளம் கிடையாது, சாப்பாடு உண்டு" என்று அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். சொந்தத் தங்கையை டீச்சர் என்று கூப்பிடுவதில் அவருக்கு ஒரு குஷி.

புக்கிட் பாஞ்சாங்கில் 975 ஏறினேன். சுவா சூ காங் வரைக்கும் வழக்கமான சிங்கப்பூர்: வீவக என்னும் அரசு வீடமைப்புக் கழகத்தின் அடுக்குமாடிகள், பேரங்காடி, பள்ளி. பிறகு சீனர், முஸ்லிம், இந்து, கிறிஸ்துவர் என்று எல்லாருக்கும் இடம் ஒதுக்கிய கல்லறைகள். அவற்றைத் தாண்டியதும் மாடிகள் சட்டென்று நின்றுவிடுகின்றன. பிறகு லிம் சூ காங் சாலை. முன்பு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விளக்குக் கம்பங்களையும் பஸ் நிறுத்தங்களையும் பெயர்த்து வைத்துவிட்டு, ஆகாயப் படை இதில் ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டரைப் போர் விமானங்களின் ஓடுபாதையாக மாற்றிப் பயிற்சி செய்திருக்கிறது. நான் போன நேரத்தில் அதில் ஓடியது எங்கள் பஸ்ஸும் கோழி எரு ஏற்றிய ஒரு லாரியும்தான். வாசனையை வைத்து லாரியைச் சொல்கிறேன்.

தோட்டம் ஐந்து ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. முக்கால்வாசி வலைக்கூடங்கள், மீதி திறந்த பாத்திகள், ஒரு குளம், ஒரு தகரக் கொட்டகை, அதை ஒட்டி நான்கு அறைகள். அண்ணன் பல ஆண்டுகள் இதே தோட்டத்தில் லாரி ஓட்டியவர். முதலாளியான சீனத் தாத்தாவுக்கு வயதாகி, பிள்ளைகளுக்கும் ஆர்வம் இல்லாமல் போனபோது மீதிக் குத்தகையை இவர் எடுத்துக்கொண்டார். தாத்தாவிடம் கற்ற ஹொக்கியன் சீனம் இன்னும் அவர் வாயில் சரளமாக வருகிறது. மண்வெட்டியைக்கூட மலாய்க்காரர்களைப் போலச் சங்கோல் என்றுதான் சொல்கிறார். திட்டுவதற்கு மட்டும் தமிழ்.

வந்து பையை வைத்த அரை மணி நேரத்தில் கங்கோங் விதைக்கச் சொன்னார். நம் ஊரில் வள்ளைக்கீரை என்பார்களே, அதுதான். இரவெல்லாம் ஊறிய விதை, மிளகை விடச் சற்றுப் பெரிது, மூலை மூலையாக இருக்கிறது. குச்சியால் பாத்தியில் கோடு இழுத்து, கோட்டில் விதையைப் போட்டு, மண்ணைத் தள்ளி மூட வேண்டும். இருபத்தாறு ஆண்டுகள் கரும்பலகையிலும் வெண்பலகையிலும் எழுதிய கை, மண்ணில் ஒரு நேர்கோடு இழுக்க மறுத்துவிட்டது. மூன்றாவது கோடு நான்காவதைப் போய் முட்டியது. அண்ணன் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஐஸ்கிரீம் டப்பா மூடியை நறுக்கிய பட்டை ஒன்றையும் மை பேனாவையும் நீட்டினார். பட்டையில் பயிரின் பெயர் எழுத வேண்டாம், தேதி போதும்.

இரண்டாம் நாள், செவ்வாய்

ஐந்தரைக்கு எழுப்பினார்கள். சிங்கப்பூரில் ஏழு மணிக்குத்தான் பொழுது விடியும் என்பதைப் பள்ளிக்கு இருட்டில் கிளம்பும் எல்லாரும் அறிவோம். ஆனால் அந்த இருட்டில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கீரை பிடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. வெயில் ஏறிய பிறகு பிடுங்கினால் இலை துவண்டு, சந்தைக்குப் போய்ச் சேருவதற்குள் சவக்களை வந்துவிடுமாம்.

அண்ணனோடு இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். ஒருவர் மன்னார்குடிப் பக்கம், இன்னொருவர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். மன்னார்குடித் தம்பிதான் எனக்குக் குரு. பாயம் பிடுங்குவது எப்படி என்று காட்டினார். பாயம் என்பது கீரைக்கு மலாய்ப் பெயர். இங்கே தமிழர்களும் முளைக்கீரையை அப்படித்தான் கேட்டு வாங்குகிறோம்.

இலையைப் பிடிக்கக் கூடாது. விரல்களைக் கீழே விட்டு, தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் ஏழெட்டுச் செடிகளைச் சேர்த்துப் பிடித்து, லேசாக ஒரு திருகு திருகி மேலே இழுக்க வேண்டும். நேராக இழுத்தால் தண்டு முறியும். கையோடு வரும் வேர்க்கொத்தை ரப்பர் பூட்ஸின் கணுக்காலில் இரண்டு தட்டுத் தட்டினால் மண் உதிரும். தட்டு பலமாக விழுந்தால் அடியிலைகள் கிழியும், மெதுவாக விழுந்தால் மண் போகாது. தம்பியின் பூட்ஸில் அந்தத் தட்டு விழும் இடம் மட்டும் வெளிறித் தேய்ந்திருக்கிறது. அவர் ஒரு பாத்தியை முடித்தபோது நான் ஐந்தில் ஒரு பங்கு முடித்திருந்தேன். என் கணுக்கால் சிவந்துபோயிருந்தது.

பிடுங்கியதெல்லாம் கொட்டகைக்குப் போகும். அங்கே அண்ணி உயரமான முக்காலியில், கட்டுப்போட்ட காலை ஒரு கூடை மேல் நீட்டி வைத்துக்கொண்டு அரசாட்சி செய்கிறார். தொட்டியில் வேரை அலசி, பழுத்த இலையைக் கிள்ளி, கைக்கு ஒரு பிடி எடுத்துத் தராசில் வைத்தால் முள் 250 கிராமில் நிற்கிறது. பத்துக்கு எட்டு முறை அப்படித்தான். நான் வைத்தால் 180, அல்லது 340.

"வேரை நறுக்கிவிட்டால் அலசும் வேலை மிச்சம்தானே, அண்ணி?"

"வேரோடு இருந்தால்தான் சாயங்காலம் வரை நிமிர்ந்து நிற்கும். சீனர்கள் வேரையும் சேர்த்துச் சமைப்பார்கள். நறுக்கி எறிகிறவர்கள் நாம்தான்."

ஒன்பதரைக்குச் சோறு. பதினொன்றுக்குள் காலியான பாத்தியைக் கொத்தி, எரு போட்டு, மறுபடி விதை. முதல் நாளிலிருந்து எனக்குள் ஒரு குழப்பம் இருந்தது, இன்று தெளிந்தது. இங்கே எல்லாப் பயிரும் எல்லாப் பருவத்திலும் ஒரே நேரத்தில் நிற்கின்றன. ஒரு பாத்தியில் முளை, அடுத்ததில் ஒரு சாண், அதற்கடுத்ததில் அறுவடை. பாயத்துக்கும் கங்கோங்குக்கும் நான்கு வாரம், சாய் சிம் என்னும் சீனக் கீரைக்கு ஐந்து வாரம். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் பட்டம் பார்த்து விதைக்க வேண்டியதில்லை, எல்லா மாதமும் ஆடிதான். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அறுவடை முடிந்து திண்ணையில் சாய்ந்து உட்காரும் மாதம் ஒன்றும் இந்தப் பஞ்சாங்கத்தில் கிடையாது. அண்ணன் கடைசியாக ஊருக்குப் போய் எட்டு ஆண்டுகள் ஆகின்றன.

இரவு மன்னார்குடித் தம்பி கைத்தொலைபேசியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். கிரிக்கெட் என்று நினைத்தேன். மேட்டூர் அணையின் நீர்மட்டம். ஜூன் 12-இல் தண்ணீர் திறந்தால் அவர் அப்பா குறுவைக்கு நாற்று விடுவார். "அங்கே 120 அடி அணையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், டீச்சர். இங்கே குழாயைத் திருகினால் போதும்" என்றார். சொல்லிவிட்டு மறுபடி நீர்மட்டத்தைப் பார்த்தார்.

மூன்றாம் நாள், புதன்

இடுப்பு. இன்றைக்கு எழுத வேறு பெரிதாக ஒன்றும் இல்லை.

களை எடுத்தேன். சாய் சிம் இலையில் குண்டூசி குத்தியது போல நூறு ஓட்டை போடும் ஒரு கறுப்பு வண்டைப் பார்த்தேன். தொடப் போனால் தெள்ளுப்பூச்சி போலத் துள்ளுகிறது. அண்ணி வளர்க்கும் கோழிகளின் முட்டையை உடும்பு ஒன்று தின்றுவிட்டுக் குளத்துக்குள் சாவகாசமாக இறங்கிப் போனது. சாயங்காலம் தோட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு வாளி, தட்டு, தார்ப்பாயின் மடிப்பு எல்லாவற்றையும் கவிழ்த்து வைக்க வேண்டும், டெங்கிக் கொசு. குளத்தில் கப்பி மீன் விட்டிருக்கிறார்கள், அது புழுவைப் பார்த்துக்கொள்ளும். இரவு கங்கோங்கைப் பிலாச்சான் என்னும் இறால் விழுது போட்டு அண்ணி வதக்கிய வாசனைக்கு, தெங்கா விமானத் தளத்திலிருந்து கிளம்பிய போர் விமானமே திரும்பி வந்து ஒரு வட்டம் போட்டது என்று அண்ணன் சத்தியம் செய்தார்.

நான்காம் நாள், வியாழன்

ஐந்து மணி இருக்கும். பாத்திப் பக்கம் போக பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தோம். காற்று அடியோடு நின்றது. தவளைகூடக் கத்தவில்லை. அண்ணன் மேற்கே பார்த்தார், இருட்டில் என்ன தெரிந்ததோ. "எல்லாரும் கொட்டகைக்குள் வாருங்கள்" என்றார்.

சுமத்ரா. இந்தப் பெயரை வானிலை அறிக்கையில் நூறு முறை கேட்டிருக்கிறேன். சுமத்ரா தீவின் மேல் அல்லது மலாக்கா நீரிணையில் இரவில் திரண்டு, விடியற்காலையில் கிழக்கே வந்து அறையும் காற்றுமழை. பன்னிரண்டாவது மாடியில் இருக்கும்போது சன்னலைச் சாத்திவிட்டுப் போர்வையை இழுத்துக்கொள்வேன். தகரக் கூரைக்குக் கீழே அது வேறு சமாச்சாரம். முதலில் குளிர்ந்த காற்று ஒரு தள்ளுத் தள்ளியது, பிறகு மழை மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் வந்தது. மின்னல் வெட்டும்போதெல்லாம் வலைக்கூடங்கள் பாய்மரம் போல உப்பி நிற்பது தெரிந்தது. எங்கோ ஒரு கம்பி "டங்" என்று விட்டது. யாரும் யாருடனும் பேசவில்லை, பேசினாலும் கேட்காது.

கொஞ்சம் தணிந்ததும் அண்ணி கேட்ட முதல் கேள்வி பாத்தியைப் பற்றியோ வலையைப் பற்றியோ அல்ல. "மாமரம் விழுந்ததா, பாருங்கள்."

கொட்டகைக்குப் பின்னால் நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய்கள் வரிசையாக இருக்கின்றன. ஒன்றில் மா, ஒன்றில் எலுமிச்சை, நான்கில் கறிவேப்பிலை, ஒன்றில் கொய்யா. வந்த நாளே கவனித்தேன். ஐந்து ஏக்கர் மண்ணை வைத்துக்கொண்டு மரத்தைப் பீப்பாயில் வளர்ப்பானேன் என்று யோசித்து, கேட்க மறந்துவிட்டேன். மா பீப்பாயோடு சாய்ந்து கிடந்தது. நான்கு பேர் சேர்ந்து நிமிர்த்தினோம். அண்ணி கொட்டகையிலிருந்தே கையை ஆட்டி இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று வழி சொன்னார்.

"தரையில் வைத்திருந்தால் விழுந்திருக்காதே" என்றேன்.

"தரை நம்முடையதா?" என்றார் அண்ணன்.

மழை முழுக்க விடும் வரை செய்வதற்கு வேலை இல்லை, அதனால் பேச்சு வந்தது. 2014-இல் இந்த வட்டாரத்தில் 60-க்கும் மேற்பட்ட பண்ணைகளின் நிலம் ராணுவப் பயிற்சிக்குத் தேவை, குத்தகை நீளாது என்று அறிவித்தார்கள். பிறகு தவணை தவணையாக அவகாசம் தந்தார்கள். 2019-இல், நாட்டின் சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை 2030-க்குள் இங்கேயே விளைவிக்க வேண்டும் என்று இலக்கு வந்தது. 2020-இல் லிம் சூ காங்கில் ஏறத்தாழ 390 ஹெக்டரை உயர்தொழில்நுட்ப உணவு வட்டாரமாக மாற்றும் திட்டம் வந்தது. அப்புறம் அந்த 30 விழுக்காட்டுக்குப் பதிலாக 2035-க்கு வேறு கணக்கு வந்தது. அண்ணனுக்கு இதில் எந்தக் கோபமும் இருப்பதாகத் தெரியவில்லை. சின்னத் தீவு, எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும் என்று அமைச்சர் மாதிரி பேசுகிறார். ஆனால் தோட்டத்தில் ஐந்து வாரத்துக்கு மேல் நிற்கும் எதையும் அவர் தரையில் நடுவதில்லை. வேலி ஓரத்து முருங்கை மட்டும் விதிவிலக்கு. அதுவும் சீனத் தாத்தா ஒரு போத்தை ஊன்றி வைத்துவிட்டுப் போனது.

"பீப்பாய் லாரியில் ஏறும்" என்றார் அண்ணி. அவ்வளவுதான் சொன்னார்.

ஏழரைக்கு வெளியே இறங்கினோம். முதலில் வாய்க்கால் அடைப்பை எடுத்தோம், பிறகு கிழிந்த வலையைத் தைத்தோம், தேநீர் அதற்கப்புறம்தான். சாய் சிம் நாற்றுகள் இரண்டு பாத்தி முழுக்க மண்ணோடு மண்ணாகப் படுத்துவிட்டன, அவை போனது போனதுதான். மற்றவற்றின் மேல் தெறித்த சேற்றை வெயில் வருவதற்குள் குழாயால் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் காய்ந்து பிடித்து இலை அழுகும். மழையில் நனைந்த கீரைக்கு மறுபடி தண்ணீர் அடிக்கும் வேலையைப் பார்க்கிறவர்கள் எங்களைப் பைத்தியம் என்று நினைப்பார்கள். குழாய் வாயில் கட்டைவிரலை வைத்து, தண்ணீரை விசிறி போலப் பிரித்து அடிக்க வேண்டும். இந்த ஒரு வேலையில் எனக்கு நல்ல பெயர் கிடைத்தது.

என் கங்கோங் பாத்தியைப் போய்ப் பார்த்தேன். கோடுகள் இருந்த இடமே தெரியவில்லை.

ஐந்தாம் நாள், வெள்ளி

விடியற்காலை மூன்றரைக்கு லாரி கிளம்பியது, நானும் ஏறிக்கொண்டேன். தீவின் வடமேற்கு முனையிலிருந்து சிராங்கூன் சாலைக்குப் போகும் அந்த நேரத்துப் பயணத்தில் ஊர் முழுவதும் பச்சை விளக்காகவே எரிகிறது.

நாங்கள் போகும் தேக்கா சந்தையின் பெயர் ஹொக்கியனில் சின்ன மூங்கில்களின் அடி என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது என்று அண்ணன் வழியில் சொன்னார். பக்கத்துக் கண்டாங் கெர்பாவ் மலாய், எருமைக் கொட்டில். ஒரு காலத்தில் அங்கே மாட்டு வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது, எருமைச் சாலை இன்றும் இருக்கிறது. மூங்கிலும் இல்லை, எருமையும் இல்லை. 1982-இல் திறந்த சந்தைக் கட்டடம் இருக்கிறது, அதன் ஈரத்தரையில் என் அம்மா கைபிடித்து நடந்த நான் இருக்கிறேன்.

அண்ணன் மூன்று கடைகளுக்குப் போடுகிறார். கடைக்காரர் ஒருவர் கட்டைத் தூக்கி வேரைப் பார்த்தார், மூக்கில் வைத்தார், தலையாட்டினார். பக்கத்திலேயே மலேசியாவின் ஜொகூரிலிருந்து இரவோடு இரவாக வந்த கீரை மலை போல் குவிந்திருந்தது, விலை கட்டுக்கு முப்பது காசு குறைவு. இந்த நாடு சாப்பிடுவதில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் எங்கள் கூடைகளைப் பார்த்தபோது புள்ளிவிவரம் கண்ணுக்குத் தெரிந்தது.

ஆறு மணிக்கு வாடிக்கையாளர்கள் வரத் தொடங்கினார்கள். என் வயதுள்ள ஓர் அம்மாள் எங்கள் கட்டில் ஒன்றை எடுத்து, இலையை விரித்து, "ஓட்டை இருக்கிறதே" என்று கீழே போட்டுவிட்டு ஜொகூர்க் கட்டை எடுத்துக்கொண்டார். கோபம் தலைக்கேறியது. அம்மா, அந்தப் பாத்திக்கு இந்த வாரம் மருந்து அடிக்காததால்தான் ஓட்டை, நேற்றுச் சுமத்ராவில் தப்பிப் பிழைத்த கீரை அது என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணன் என் முழங்கையைப் பிடித்தார். அப்புறம் நினைவு வந்தது. போன மாதம் இதே கடையில், இதே வார்த்தையைச் சொல்லி, இதே மாதிரி கீழே போட்டவள் நான்.

திரும்பும் வழியில் கோப்பிக்கடையில் தோசையும் கோப்பியும் வாங்கிக் கொடுத்தார். ஐந்து நாள் சம்பளம் அதுதான்.

மத்தியானம் என் பாத்தியில் முளை விட்டிருந்தது. முளைக்கும்போதே கங்கோங்குக்கு இரண்டாகப் பிளந்த வால் போன்ற இலை, நூற்றுக்கணக்கில். நான் போட்டதே கோணல், மழை அதை இன்னும் அடித்து நகர்த்தியிருந்தது. எட்டுக் கோடு என்று தொடங்கியது, கீழே எல்லாம் ஒன்றாகக் கலந்து ஓர் ஓரமாக ஒதுங்கி நின்றது. திருத்துறைப்பூண்டித் தம்பி அதைப் பார்த்துவிட்டு, "டீச்சர் கையெழுத்து" என்றார்.

ஆறாம் நாள், சனி

காலை பஸ்ஸில் வீடு திரும்பினேன். இரண்டு கட்டுப் பாயம், ஒரு பை முருங்கைக்கீரை, பதினைந்து முட்டை. உடும்புக்கு முந்திக்கொண்டது அண்ணியின் சாமர்த்தியம்.

துணிகளைத் துவைக்கப் போடும்போது சட்டைப்பையில் ஐஸ்கிரீம் மூடிப் பட்டை தட்டுப்பட்டது. தேதி எழுதியிருந்தேன், பாத்தியில் செருக மறந்துவிட்டேன். திங்கட்கிழமை விதைத்த கங்கோங் எது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? பதறிப்போய் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அதற்குப் பட்டை எதற்கு?" என்றார். "தூரத்திலிருந்தே தெரிகிறது. தோட்டத்தில் அது ஒன்றுதான் கோணல்."

இருபத்தெட்டு நாள் கணக்குப் போட்டால் 29-ஆம் தேதி வருகிறது, பள்ளி திறக்கும் நாள். பிடுங்குவதற்கு மாலையில் வந்துவிடுகிறேன் என்றேன்.

"மாலையில் கீரை பிடுங்குவதில்லை, டீச்சர்" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தார்.